நம் தெருவில் ஓர் அடைக்கலம்

வாசிக்க: எண்ணாகமம் 35:6-15, உபாகமம் 19:1-3, யாத்திராகமம் 22:26,27



கோடை வெயிலில் குளிரைப்பற்றி எழுதுகிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கூலரில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களும் இருப்பீர்கள். ஆயினும் காரணத்தோடுதான் எழுதுகிறேன். டிசம்பர் மாதத்தில் எழுதினால் இரக்கப்படுவீர்கள், ஆளுக்கு ஒரு கம்பளி வாங்கித் தருவீர்கள், பிப்ரவரியில் மறந்துவிடுவீர்கள். நானும் அப்படி இருந்தவனே. எறும்பினிடத்தில் போய்ப் பாடம் கற்கச் சொன்ன ஞானி, அது கோடைகாலத்தில் செய்கிற வேலையையே சுட்டிக்காட்டினார் (நீதிமொழிகள் 6:6-8). வீடில்லாதவர்களைக் குளிரிலிருந்து காக்கும் காரியமும் கோடையில் தொடங்கவேண்டிய வேலை. அதை நான் ஒரு தெருவோரத்தில் கற்றுக்கொண்டேன்.

அறுபது கம்பளிகள்

பல ஆண்டுகளுக்குமுன் ஒரு ஜனவரி இரவில், சபை வாலிபர்களோடு பழைய தில்லி ரயில் நிலையத்தின் பக்கம் போனேன். காணிக்கைப் பணத்தில் வாங்கிய அறுபது கம்பளிகள் வேனில் இருந்தன. மூடுபனியில் விளக்குக் கம்பத்தின் அடி தெரியவில்லை. நடைபாதை நெடுகிலும் மூட்டைகளைப்போல் மனிதர்கள் படுத்திருந்தார்கள். ஒரு தள்ளுவண்டியின் அடியில், சாக்கை விரித்து, நடுவயதுள்ள ஒருவர் முடங்கிக் கிடந்தார். ஒரு சகோதரன் கம்பளியைப் போர்த்தியதும் எழுந்து உட்கார்ந்து கைகுவித்தார்.

என் அரைகுறை இந்தியில் கேட்டேன்: "பக்கத்தில் ரைன் பசேரா இருக்கிறதே, பாயி, அங்கே போய்ப் படுக்கலாமே?"

"இருக்கிறது, பாபுஜி. ஆனால் இந்த வண்டியை எங்கே விடுவேன்? வாடகை வண்டி. காணாமற்போனால் முதலாளிக்கு எதைக் கொடுப்பேன்? விடியுமுன்னே மண்டியில் சரக்கு வந்து இறங்கும். அந்நேரத்தில் இங்கே இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை."

நான் தலையசைத்தேன். வாலிபர்கள் புகைப்படம் எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு அது சபையின் அறிவிப்புப் பலகையில் இருந்தது.

பத்து நாள் கழித்து ஊழியக் காரியமாக அவ்வழியே போனபோது அவரை மறுபடியும் கண்டேன். அதே வண்டி, அதே சாக்கு, கம்பளி இல்லை. எங்கே என்று கேட்டேன். "பகலில் அதை எங்கே வைப்பேன், பாபுஜி? வண்டியில் சரக்கு ஏற்றவேண்டுமே. விற்றுவிட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. விசுவாசிகள் வியர்வை சிந்திக் கொடுத்த காணிக்கை அல்லவா என்று எண்ணிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடந்தேன். அதன்பின் அவரைக் காணவில்லை. விசாரிக்கலாம் என்றால் பெயர் தெரியாது. கம்பளிகளை எண்ணி வைத்திருந்த நான், வாங்கின மனுஷனின் பெயரைக் கேட்கவில்லை.

இப்போது யோசிக்கும்போது, அந்த மனுஷர் எனக்குச் சொன்னது குறையல்ல, ஒரு நகரத் திட்டம் என்று தோன்றுகிறது. காப்பகம் வேலை கிடைக்கிற இடத்துக்கு அருகே இருக்கவேண்டும். வண்டியை நிறுத்த இடம் வேண்டும். பகலிலே உடைமையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி வேண்டும். இம்மூன்றும் இருந்திருந்தால் அவர் என் கம்பளிக்காகக் காத்திருந்திருக்கவே மாட்டார்.

இவர்கள் யார்?

நடைபாதையில் படுத்திருப்பவர்களை நாம் பிச்சைக்காரர் என்றும் போதைக்காரர் என்றும் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். சற்று நின்று பாருங்கள். காரி பாவ்லியில் மசாலா மூட்டை சுமக்கிறவர், ரிக்‌ஷா மிதிக்கிறவர், கட்டட வேலைக்கு வந்த குடும்பம், திருமண ஊர்வலத்தில் அலங்கார விளக்கைத் தலையிலே தாங்கி நடக்கிறவர், விருந்தில் தட்டுக் கழுவுகிறவர் ஆகியோர் அவர்களில் பெருந்தொகையானவர்கள். எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் தூர மாநிலங்களிலிருந்து வைத்தியத்துக்கு வந்த நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் இரவைக் கழிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கணவனின் அடிக்குப் பயந்து வெளியேறின பெண்களும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோரும், மனநோயால் வீட்டின் வழியை மறந்தவர்களும் அவர்களோடு இருக்கிறார்கள்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடற்றவர்களை எண்ணுவதற்கென்று பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு குறிக்கப்பட்டது. அன்று நாடு முழுவதும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் எண்ணப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில் இருந்தவர்கள். தில்லியில் மட்டும் 46,724 பேர். ஓர் இரவில் எண்ணுகிறவர் கண்ணில் பட்டவர்களே அந்தக் கணக்கில் ஏறுவார்கள். பாலத்தின் அடியிலும் கடையின் பின்புறத்திலும் ஒதுங்கியிருப்பவர், இரவு வேலைக்குப் போனவர், எண்ணுகிறவரைக் கண்டு விலகினவர் விடுபட்டுப்போவார்கள். 2021-ல் நடக்கவேண்டிய அடுத்த கணக்கெடுப்போ தள்ளிப்போயிற்று.

தமிழராகிய நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேளாதிருங்கள். உங்களில் பலர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு புது தில்லி வந்து இறங்கினவர்கள். அன்றிரவு சொந்தக்காரரோ, ஊர்க்காரரோ, சபையார் ஒருவரோ தம் ஒற்றை அறையில் பாய் விரித்தார். அந்தப் பாய் இல்லாதிருந்தால் நீங்கள் எங்கே படுத்திருப்பீர்கள்? 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ஜங்க்புராவில் பாராபுல்லா வடிகால் அருகே பல பத்தாண்டுகளாக நம் ஜனங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு பகுதியினருக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வீடுள்ளவனுக்கும் வீடற்றவனுக்கும் நடுவே சில வேளைகளில் ஒரு காலைப்பொழுதே இருக்கிறது.

குளிர் செய்கிற வேலை

சமவெளியில் இரவின் குறைந்த வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே இறங்கினால், அதைக் குளிர் அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கிறது. 10 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்து, வழக்கமான அளவைவிட நாலரை டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஆனால் தரையில் படுத்திருக்கிறவனின் உடம்பு இந்த அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. 37 டிகிரியாக இருக்கவேண்டிய உள்ளுடலின் வெப்பம் 35-க்குக் கீழே போனாலே ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். இன்னும் குளிர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும், பேச்சுக் குழறும், தூக்கம் அழுத்தும். வழிப்போக்கர்கள் அவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று சொல்லிப் போய்விடுவார்கள். குடித்திருந்தாலோ ஆபத்து இரட்டிப்பு. மது உடம்பு சூடானதுபோல் ஒரு மயக்கத்தைத் தந்து, உள்ளிருக்கிற சூட்டைத் தோல்வழியே வெளியேற்றிவிடும்.

மேலே போர்த்துகிற கம்பளியைப் பற்றியே நாம் நினைக்கிறோம். கீழேயுள்ள சிமெண்டுத் தரையும் இரவெல்லாம் உடம்பின் சூட்டை உறிஞ்சுகிறது. அடியிலே அட்டையோ வைக்கோலோ மெத்தையோ இல்லாவிட்டால் போர்வையின் பலன் பாதியாகும். பனியில் நனைந்த கம்பளியோ அவ்வளவாகக் காக்காது. ஆகவே குளிருக்கு மெய்யான மருந்து, காய்ந்த தரையும் கூரையும் மூடக்கூடிய ஒரு கதவும்தான்.

யாத்திராகமத்திலே தேவன் இஸ்ரவேலுக்குக் கொடுத்த ஒரு சிறிய கட்டளை உண்டு. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினவன் பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு மூடல். அது இல்லாமல் அவன் எதில் படுப்பான் என்று கர்த்தரே கேட்கிறார். அந்தக் கேள்வியில் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பொழுது சாயுமுன். ராத்திரி வந்தபின் செய்கிற நன்மை பிந்திப்போன நன்மையாகிவிடும்.

ஓர் இடிப்பும் ஓர் உத்தரவும்

2009 டிசம்பரில், காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தலைநகர் அலங்கரிக்கப்பட்டுவந்த நாட்களில், பூசா சாலையில் கூடாரமாக நின்ற ஓர் இரவுக் காப்பகத்தை மாநகராட்சி அகற்றியது. கடுங்குளிரில் அங்கிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மரணச் செய்திகள் வந்தன. கரோல் பாகில் வசிக்கிற நம் ஜனங்கள் தினந்தோறும் கடந்துபோகிற சாலை அது. தில்லி உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அக்காரியத்தை விசாரணைக்கு எடுத்தது. உணவு உரிமை வழக்கை நடத்திவந்த உச்ச நீதிமன்றமும், அதன் ஆணையர்களாகிய என். சி. சக்ஸேனாவும் ஹர்ஷ் மந்தரும் எழுதின கடிதத்தின்பேரில், 2010 ஜனவரியில் உடனடியாகக் கூடுதல் காப்பகங்களைத் திறக்கத் தில்லி அரசுக்கு உத்தரவிட்டது. பின்பு மற்ற மாநிலங்களின் பெருநகரங்களுக்கும், 1 லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கவேண்டும் என்று அளவு குறித்தது. அந்த 2010-ல்தான் தில்லியில் இக்காரியத்துக்கென்று நகர்ப்புறக் காப்பிட மேம்பாட்டு வாரியமும் சட்டத்தினால் ஏற்பட்டது.

2013-ல் தொடங்கின தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இந்த அளவை விரிவாக்கியது. 1 லட்சம் பேருக்கு, 100 பேர் தங்கக்கூடிய நிரந்தரக் காப்பகம் ஒன்று. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை, மண்டி போன்ற, வீடற்றோர் கூடுகிற, வேலை கிடைக்கிற இடங்களுக்கு அருகே அமையவேண்டும். பெண்கள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். காகிதத்தில் நல்ல திட்டமே.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011-ல் தில்லியின் மக்கள்தொகை 1 கோடியே 67 லட்சத்துக்கும் சற்று மேல். லட்சத்துக்கு ஒன்று என்றால் 167 காப்பகங்கள். காப்பகத்துக்கு 100 பேர் என்றால் 16,700 இடங்கள். அவ்வாண்டில் எண்ணப்பட்ட வீடற்றவர்களோ 46,724 பேர். அளவுகோல் முழுவதும் நிறைவேறினாலும் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலாகவே இடம் கிடைக்கும். லட்சத்துக்கு ஒன்று என்பது கீழ் எல்லை. அதுவே இலக்காகிவிடக் கூடாது. மேலும் வீடற்றவர்கள் நகரெங்கும் சமமாகப் பரவிப் படுப்பதில்லை. பழைய தில்லியில் ஆயிரமாயிரமாய்க் கூடுகிறார்கள். வேறொரு வட்டாரத்தில் பத்துப்பேர்கூட இல்லை. அவர்களை இரவிலே நடந்து எண்ணி, எங்கே எத்தனை பேர் என்று குறித்தபின் போடப்படுகிற திட்டமே பலன் தரும்.

தில்லியில் வழக்கமாக நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடுவரை குளிர்காலச் செயல்திட்டம் நடக்கிறது. நிரந்தரக் கட்டடங்களும் தகரத்தால் ஆன கூடங்களும் போதாமல், கூடாரங்கள் போடப்படுகின்றன. இரவிலே வண்டிகள் சுற்றி, தெருவில் கிடப்பவர்களை அழைத்துவருகின்றன. நியூயார்க் நகரத்தில் வேறு விதம்: மாலை 4 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையே குளிர் உறைநிலையைத் தொடும் என்று தெரிந்தால், நீல எச்சரிக்கை ஒன்று அறிவிக்கப்பட்டு, வருகிறவர் எவருக்கும் கதவு திறக்கப்படும். ஒன்று நாட்காட்டியைப் பார்க்கிறது, மற்றொன்று வெப்பமானியைப் பார்க்கிறது. இரண்டிலும் ஓட்டை உண்டு. நவம்பர் முதல் வாரத்தில் வருகிற குளிரும், உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கிற ஈரக் குளிரும் தப்பிப்போகும். அது மாத்திரமல்ல, 2024 ஜூன் மாதத்தின் வெப்ப அலையில் தில்லித் தெருக்களில் அதிகமாய் வாடினவர்களும் இதே வீடற்றவர்கள்தான். ஆகையால் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிற கதவே மேலானது. ஆயினும் ஜி-20 மாநாட்டுக்கு நகரம் ஆயத்தமான 2023-ன் பிப்ரவரியில், சராய் காலே கானில் ஓர் இரவுக் காப்பகம் இடிக்கப்பட்டது. விருந்தினர் வருகிறார்கள் என்றால் முதலில் அகற்றப்படுகிறது ஏழையின் கூரை. பூசா சாலையின் பாடத்தை நாம் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு கையெழுத்து

பிரியமானவர்களே, அரசாங்கத்தைக் குறைசொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒரு காப்பகம் தகுந்த இடத்தில் எழும்பாமற்போவதற்கு அரசாங்கம் மாத்திரம் காரணமல்ல. இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது, ஆயினும் எழுதுகிறேன்.

நம் விசுவாசி ஒருவர் சொந்த வீடு வாங்கிக் குடியேறின அடுக்குமாடிக் குடியிருப்பின் அருகே, காலியாய்க் கிடந்த நிலத்தில் காப்பகம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. குடியிருப்போர் சங்கத்தார் அதை எதிர்த்து ஒரு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். திருட்டுப் பெருகும், பெண்பிள்ளைகளுக்கு ஆபத்து, வீட்டின் விலை இறங்கும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, எல்லாரும் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் போடாவிட்டால் நாளைக்கு அங்கே எப்படிக் குடியிருப்பது? என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்றார்.

கடன் வாங்கிக் கட்டின வீடு. வயதுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகள். அவருடைய பயம் பொய்ப் பயமல்ல. நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஜெபித்து முடிவெடுங்கள், தம்பி." கேட்பதற்குப் பக்தியான வார்த்தை. உண்மையிலோ நான் நழுவிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். காப்பகம் அங்கே வரவில்லை. அந்தக் குளிர்காலத்திலும் வழக்கம்போல் நாங்கள் கம்பளி கொடுத்தோம்.

வஸ்திரமில்லாதவனைப் பார்த்து, போய்க் குளிர்காய்ந்துகொள் என்று வாயினால் வாழ்த்திவிட்டு வேண்டியதைக் கொடாமல் அனுப்புகிறவனைப்பற்றி யாக்கோபு எழுதுகிறார் (யாக்கோபு 2:15,16). நான் பலமுறை அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். அன்று அந்த மனுஷன் நானே என்று எனக்குத் தெரியவில்லை.

லேவியரின் பட்டணங்கள்

வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில், அடைக்கலப்பட்டணங்களின் ஆறு பெயர்களையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். யோர்தானுக்கு இப்புறத்தில் கேதேஸ், சீகேம், எபிரோன். அப்புறத்தில் பேசேர், ராமோத், கோலான் (யோசுவா 20:7,8). அவை கைப்பிசகாய்க் கொலைசெய்தவன், பழிவாங்குகிறவனுக்குத் தப்பி ஓடி உயிர்பிழைப்பதற்காக ஏற்பட்டவை. வீடற்றவர்களுக்காக ஏற்பட்டவை அல்ல என்பதை அறிவேன். ஆனாலும் உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவனுக்கு இடம் ஆயத்தம்பண்ணுவது எப்படி என்பதை அவற்றில் தேவன் காட்டியிருக்கிறார்.

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். கேதேஸ் வடக்கே, சீகேம் நடுவே, எபிரோன் தெற்கே. ஓடிவருகிறவன் எங்கிருந்து ஓடினாலும் எட்டக்கூடிய தூரத்தில் ஒரு பட்டணம். தேசத்தின் எல்லையை மூன்று பங்காக்கி, வழியையும் செம்மைப்படுத்தும்படி உபாகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கொலை நடந்தபின் அல்ல, அதற்கு முன்பே. ஓடிவந்தவன் பட்டணத்து வாசலில் நின்று தன் காரியத்தைச் சொன்னால், மூப்பர் அவனைச் சேர்த்துக்கொண்டு, குடியிருக்க இடம் கொடுக்கவேண்டும். இஸ்ரவேலனுக்கு மாத்திரமல்ல, நடுவே தங்குகிற அந்நியனுக்கும் பரதேசிக்கும் அந்தப் பட்டணம் உண்டு. பிழைப்புக்காகப் பரதேசம் வந்த நாம் இதை மறக்கலாமா?

இன்னொன்றைப் பல ஆண்டுகள் நான் கவனியாமலே கடந்துபோயிருந்தேன். அந்த ஆறு பட்டணங்களும் யாருடையவை? எண்ணாகமம் 35:6-ஐ வாசியுங்கள். லேவியருக்குக் கொடுக்கப்பட்ட பட்டணங்களிலிருந்தே அவை பிரிக்கப்பட்டன. கர்த்தர் அடைக்கலத்தை ஊருக்கு வெளியே, ஒருவரும் குடியிராத வனாந்தரத்தில் வைக்கவில்லை. தம்முடைய ஊழியக்காரர் வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்த தெருவிலேயே வைத்தார். கைகளில் இரத்தக்கறையோடு ஓடிவருகிறவன் லேவியனுக்கு அயலானாவான். அந்த வசனத்தின்முன் என் பழைய பதில் என்னைக் குற்றப்படுத்தியது.

அந்தச் சகோதரனிடம் பின்னொருநாள் போய், "தம்பி, அன்று நான் உங்களுக்குச் சரியான ஆலோசனை சொல்லவில்லை" என்று ஒப்புக்கொண்டேன். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்து, "எனக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது, ஐயா" என்றார்.

இந்தக் கோடையில் செய்யவேண்டியவை

முதலாவது, உங்கள் வட்டாரத்தை இரவிலே ஒருமுறை நடந்து பாருங்கள். நாலைந்து பேராகப் போங்கள். யார் எங்கே படுக்கிறார்கள், எத்தனை பேர், பெண்கள் உண்டா, பிள்ளைகள் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுக்கவேண்டாம், பெயரைக் கேளுங்கள். அருகிலுள்ள காப்பகத்தையும் போய்ப் பாருங்கள். அங்கே இடம் காலியாயிருந்தும் ஜனங்கள் வெளியே படுத்தால், காரணத்தை அவர்களிடமே விசாரியுங்கள். வண்டிக்கு இடமில்லை என்பார்கள், மூட்டைப்பூச்சி என்பார்கள், பூட்டுப்போட்ட பெட்டி இல்லை என்பார்கள், குடும்பத்தைப் பிரித்துப் போடுகிறார்கள் என்பார்கள், அடையாள அட்டை கேட்கிறார்கள் என்பார்கள். அந்தக் காரணங்களை எழுதி, வட்டாரக் கவுன்சிலரிடமும் காப்பகத்தை நடத்துகிற அலுவலகத்திலும் கொடுங்கள். கூடாரத்துக்கு ஒப்பந்தம் விடுவதும், ரஜாய்களை வெளுத்துக் காயவைப்பதும், கழிவறை பழுதுபார்ப்பதும் மழைக்காலம் முடியுமுன்னே நடக்கவேண்டிய வேலைகள். டிசம்பரில் கொடுக்கிற மனு அடுத்த ஆண்டுக்கே உதவும்.

இரண்டாவது, உங்கள் வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கிற காவலாளியை நினையுங்கள். குப்பையையும் மரத்துண்டையும் கொளுத்திக் குளிர்காய்கிறார். காற்று மாசைக் குறைப்பதற்காகத் தில்லி வட்டாரத்தில் வகுக்கப்பட்ட படிநிலைத் திட்டம், காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்கும்படி குடியிருப்போர் சங்கங்களுக்கே சொல்லியிருக்கிறது. சங்கக் கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்பதற்கு ஒருவர் போதும். அந்த ஒருவர் நீங்களாயிருங்கள்.

மூன்றாவது, மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துத் தூங்காதீர்கள், மற்றவர்களையும் எச்சரியுங்கள். அதிலிருந்து வருகிற நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. குளிருக்குத் தப்பி ஒற்றை அறையில் படுத்த குடும்பங்கள் காலையில் எழும்பாமற்போன செய்தி வடநாட்டில் குளிர்காலந்தோறும் வருகிறது.

நான்காவது, வாரத்தில் பல இரவுகள் பூட்டிக் கிடக்கிற சபை மண்டபங்களைப்பற்றி மூப்பர்கள் கூடி யோசிக்கட்டும். கழிவறை, தண்ணீர், தீயணைப்பு, பெண்களுக்குத் தனியிடம், இரவுக் காவல் ஆகியவற்றை ஆயத்தம்பண்ணாமல், உணர்ச்சிவசப்பட்டுக் கதவைத் திறப்பதும் ஆபத்தே. அதற்குத்தான் கோடையில் யோசியுங்கள் என்கிறேன். ஒரு வேண்டுகோள்: படுக்கைக்கு விலையாகப் பிரசங்கத்தை வைக்காதிருங்கள். மெலித்தா தீவார், கப்பல் உடைந்து மழையிலும் குளிரிலும் நனைந்துவந்த பவுலுக்கும் கூட இருந்த அனைவருக்கும் நெருப்பு மூட்டினார்கள் (அப்போஸ்தலர் 28:2). யாரையும் யார் என்று விசாரித்தபின் மூட்டவில்லை.

நடைபாதையில் ஒருவர் அசையாமல், கேள்விக்குப் பதில் சொல்லாமல், உடம்பு சில்லிட்டுக் கிடந்தால், குடிகாரன் என்று கடந்துபோகாதீர்கள். நனைந்த துணியை அகற்றி, அடியிலும் மேலும் காய்ந்த துணியைச் சுற்றி, 112-க்குத் தொலைபேசியில் சொல்லி, உதவி வருமட்டும் அருகிலிருங்கள். சாராயம் ஊற்றாதிருங்கள், கைகால்களை முரட்டுத்தனமாய்த் தேய்க்காதிருங்கள்.

கடைசியாக, உங்கள் தெருவில் காப்பகம் வரப்போகிறது என்று ஒரு தாள் உங்கள் கதவைத் தட்டும் நாள் வரலாம். உங்கள் பயங்களை மறைக்கவேண்டாம். தெருவிளக்கு வேண்டும், இரவுக் காவலர் வேண்டும், பொறுப்பான காப்பாளர் வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள், அது நியாயம். அங்கே வரவேண்டாம் என்கிற வரியின்கீழ் மட்டும் உங்கள் பெயரை எழுதாதிருங்கள். கம்பளி கொடுக்கிற கையும் அந்தக் கையெழுத்தைப் போடுகிற கையும் ஒன்றாயிருக்கலாகாது.

தள்ளுவண்டியின் அடியில் படுத்திருந்த அந்த மனுஷரின் பெயரை நான் இனி அறியப்போவதில்லை. கர்த்தர் அறிவார். வருகிற குளிர்காலத்தில் உங்கள் வட்டாரத்தில் படுக்கிற ஒருவருடைய பெயரையாவது நீங்கள் அறிந்திருக்கவும், பொழுது சாயுமுன் அவருக்கு ஒரு கதவு திறக்கவும், அந்தக் கதவு உங்கள் தெருவிலேயே இருந்தாலும் நீங்கள் மனமடிவாகாதிருக்கவும், பரதேசிகளைக் காப்பாற்றுகிற நம் தேவன் உங்களுக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.